கார் கதவில் விழுந்த ஒடுக்கை வீட்டிலேயே எடுக்கலாமா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டுச் சந்தில் நிறுத்தியிருந்த சில்வர் நிறக் காரின் மேல் பக்கத்து வீட்டு பைக் சாய்ந்துவிட்டதாம். பின் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. அதற்கு முந்தின வாரம்தான் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் இடித்து, பின் பம்பர் ஒரு மூலையில் உள்ளே போயிருக்கிறது. பெயிண்ட் எங்கேயும் பெயரவில்லை. பட்டறையில் கேட்டால், இரண்டுக்கும் பட்டி வைத்து முழுசாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்கிறார்கள். வெந்நீர் ஊற்றினால் சரியாகும், ஹேர் டிரையர் காட்டினால் சரியாகும் என்று வீடியோவில் காட்டுகிறார்களே, நம்பலாமா என்பது கேள்வி.

பம்பருக்கு நம்பலாம். கதவுக்கு நம்ப வேண்டாம். கதவையும் வீட்டில் எடுக்கலாம், ஆனால் அதற்கு வழி வேறு. பெயிண்ட் உண்மையிலேயே பெயரவில்லை என்றால் இரண்டுக்கும் பட்டி தேவையே இல்லை.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில் ஏழு வருஷம் சுத்தி பிடித்தவன். இப்போது வேறு வேலைக்கு வந்துவிட்டேன். சொந்தக்காரர்கள் வண்டி என்றால் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கை வைப்பேன். பட்டறைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு நேரம்தான் காசு. ஒரு ஒடுக்கைப் பொறுமையாக மூன்று மணி நேரம் தடவித் தடவி எடுப்பதைவிட, பாதி இழுத்துவிட்டு மீதியைப் பட்டியால் நிரப்பிப் பெயிண்ட் அடிப்பது சீக்கிரம் முடியும். அந்த மூன்று மணி நேரம் உங்களிடம் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பெயிண்டை ஏன் இவ்வளவு காப்பாற்ற வேண்டும்? கம்பெனியில் கார் வெறும் தகரக் கூடாக இருக்கும்போதே பிரைமர் தொட்டியில் முழுசாக முக்கி, மின்சாரம் செலுத்தி, இண்டு இடுக்கெல்லாம் படிய வைத்து, 160 டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்கிறார்கள். அதற்கு மேல் நிறம், அதற்கு மேல் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. எல்லாம் சேர்த்தே 100 முதல் 130 மைக்ரான்தான். ஒரு ஜெராக்ஸ் தாளைவிடக் கொஞ்சம் கனம். சீட்டும் ஒயரும் ரப்பரும் மாட்டிய காரை அந்தச் சூட்டில் மறுபடி யாராலும் சுட முடியாது. நல்ல பெயிண்ட் பூத்தில்கூட 60 டிகிரி அளவுக்குத்தான் வைப்பார்கள். ஒருமுறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் போனது போனதுதான்.

எனவே முதல் வேலை, பெயிண்ட் நிஜமாகவே உடையவில்லையா என்று பார்ப்பது. காரைக் கழுவித் துடைத்துவிட்டு, சாயங்காலம் டியூப் லைட் வெளிச்சம் கதவில் விழுகிற மாதிரி நிறுத்துங்கள். நேரான டியூப் லைட் கதவில் எங்கே வளைந்து தெரிகிறதோ அங்கே ஒடுக்கு. கண்ணை இடம் மாற்றி மாற்றிப் பார்த்தால் அதன் எல்லை முழுவதும் பிடிபடும். அப்புறம் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் நகம் தடுக்கும். ஆழமான இடத்திலும் விளிம்பின் கூர்மையான மடிப்பிலும்தான் பெரும்பாலும் வெடிக்கும். மொபைல் கேமராவைக் கிட்டே வைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதும் நல்லது.

பழைய காராக வாங்கியிருந்தால் இன்னொரு சோதனை. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவு முழுக்க நகர்த்திப் பாருங்கள். ஒரே சீராகப் பிடித்தால் அடியில் தகரம். ஓரிடத்தில் பிடிப்பு தளர்ந்தால் அங்கே ஏற்கெனவே யாரோ பட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இடத்தை இழுத்தால் பட்டி ஓடு மாதிரி பெயர்ந்து கையோடு வந்துவிடும். அங்கே நான் சொல்லப்போகும் எதுவும் ஒத்துவராது.

இனி ஒடுக்கு என்றால் என்ன என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு "ஈயம் பூசறது, ஒடுக்கு எடுக்கறது" என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். பித்தளைக் குடத்தைக் கொடுத்தால், அவர் குழியின் நடுவில் அடித்து நான் பார்த்ததே இல்லை. குடத்தைத் திருப்பித் திருப்பி ஓரத்தைத்தான் தட்டிக்கொண்டிருப்பார். ஓரம் இளகினதும் நடுக்குழி தானாக மேலே வந்துவிடும். ஏன் அப்படிச் செய்கிறார் என்பது பட்டறைக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

பைக் ஹேண்டில் கதவில் மோதும்போது நடுவில் தகரம் உள்ளே போகும். போன தகரத்துக்கு ஈடாகச் சுற்றிலும் கொஞ்சம் தகரம் மேலே எழும்பும். வயலைச் சுற்றி வரப்பு மாதிரி. கைக்குக்கூடத் தெரியாத அந்த வரப்புதான் குழியைப் பூட்டி வைத்திருக்கிறது. குழியில் இருக்கும் தகரத்தின் பெரும்பகுதி கெட்டுப்போகவில்லை. விட்டால் பழைய இடத்துக்கே போய்விடும், ஸ்பிரிங் மாதிரி. நிஜமாக மடிந்து போனது வரப்பும் நடு ஆழமும் மட்டும்தான். அதனால் வரப்பைத் தட்டி இறக்கவும் வேண்டும், குழியை ஏற்றவும் வேண்டும், இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. வரப்பைத் தொடாமல் குழியை மட்டும் பலமாக இழுத்தால் நடுவில் ஒரு கொப்புளம், சுற்றி ஒரு பள்ளம், அதைச் சுற்றி ஒரு மேடு என்று குளத்தில் கல் போட்ட மாதிரி ஆகிவிடும். கற்றுக்கொண்ட முதல் வருஷத்தில் நான் செய்த கதவுகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன.

ஹேர் டிரையர் கதைக்கு வருவோம். சூடு காட்டிவிட்டு உடனே ஐஸோ, தூசி ஊதும் காற்றுக் கேனைக் கவிழ்த்துப் பிடித்தால் வருகிற குளிர்ந்த ஸ்பிரேயோ அடித்தால் ஒடுக்கு துள்ளி வெளியே வரும் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் இரும்புத் தகடு, 50 டிகிரி சூடு ஏறினால், 0.06 மில்லிமீட்டர் நீளும். அவ்வளவுதான். மடிந்த வரப்பை நிமிர்த்த அது எந்த மூலைக்கு? ஏற்கெனவே வெளியே வரலாமா வேண்டாமா என்று நிற்கும் அகலமான, ஆழமில்லாத ஒடுக்கு மட்டும் அந்தச் சின்ன அசைவில் டப்பென்று வரும். வீடியோவில் காட்டுவது பெரும்பாலும் அந்த ரகம்தான். அதைப் பின்னாலிருந்து உள்ளங்கையால் தள்ளினாலே வந்துவிடும். நம் ஊரில் மே மாதம் 40 டிகிரி தாண்டுகிறது. மத்தியானம் வெயிலில் நிற்கும் காரைத் தொட முடியாது. சாயங்காலம் ஒரு மழை அடித்தால் ஆறிப்போகும். சூடும் குளிர்ச்சியும் ஒடுக்கை எடுக்கும் என்றால் வேலூரில் ஒரு காரிலும் ஒடுக்கு இருக்காதே! டிரை ஐஸ் இன்னும் மோசம். மைனஸ் 78 டிகிரி அது. வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்த மாதிரி ஆகிவிடும்.

சரி, பம்பர். பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். அச்சில் உருக்கி ஊற்றி வார்த்த வடிவத்துக்கே திரும்பிப் போக அது எப்போதும் பார்க்கும். இடித்த இடம் குளிர்ந்து இறுகி இருப்பதால்தான் போகாமல் நிற்கிறது. கொதிநீர் சூட்டில் இளகும், உருகாது. அதனால்தான் வெந்நீர் இங்கே வேலை செய்கிறது, கதவில் செய்வதில்லை.

முதலில் பின் சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் தடுப்பின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பம்பரின் பின்பக்கம் கை போகிறதா என்று பாருங்கள். பார்க்கிங் சென்சார் இருந்தால் அதன் ஒயரைக் கழற்றிவிடுங்கள், நேராக அதன்மேல் ஊற்ற வேண்டாம். வண்டி ஓட்டி வந்த உடனே இறங்காதீர்கள், பக்கத்திலேயே சைலன்சர் இருக்கிறது. மூன்று நாலு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஒடுக்கின் மேல் மட்டுமல்லாமல் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கும் நிதானமாக ஊற்றுங்கள். இன்னொருவர் கனமான கையுறை போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து தள்ள வேண்டும். விரலால் வேண்டாம். பூரிக்கட்டை முனையில் துணி சுற்றித் தள்ளினால் பலம் பரவும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளுங்கள். ஒரே தடவையில் வராவிட்டால் மறுபடி ஊற்றுங்கள். வடிவம் வந்ததும் அப்படியே பிடித்துக்கொண்டு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும். நம் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், சூடான பம்பரில் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். ஈரம் காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். கேன் தண்ணீரை எடுத்தால் வீட்டில் திட்டு விழும், அது உங்கள் பாடு.

ஹீட் கன் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். அது 400, 500 டிகிரிக்குப் போகும். என் மச்சான் கார் பம்பரில் கொஞ்சம் அசந்த நேரத்தில் அப்பளம் மாதிரி பெயிண்ட் பொங்கியதற்கு நானே சாட்சி, குற்றவாளியும் நானே. மார்கழிக் காலையில் சூடு காட்டாமல் பம்பரைத் தள்ளுவதும் தப்பு. குளிர்ந்த பிளாஸ்டிக் வளையும், அதன் மேலிருக்கும் பெயிண்ட் வெடிக்கும்.

கதவுக்கு வருவோம். இதுதான் நேரம் பிடிக்கும் வேலை. காலை ஆறரை மணிக்கு நிழலில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பாருங்கள்.

கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள். இறக்கியிருந்தால் அது தகரத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவில் வந்து நிற்கும். அப்புறம் சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிஷம் விடுங்கள். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும், கரண்ட் இருக்கும்போது அங்கே தட்டுவது விபரீதம். டோர் பேடை எடுக்க, கைப்பிடிக் குழியிலும் ஆர்ம் ரெஸ்ட்டிலும் மூடி போட்டு மறைத்த ஸ்க்ரூக்களைக் கழற்றி, கீழ் ஓரத்திலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும். நாலைந்து கிளிப் உடையும். முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கறுப்புப் பிசினில் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதைக் கிழிக்காமல் உரித்து, முடிந்ததும் அதே இடத்தில் அழுத்தி ஒட்ட வேண்டும். அதை அலட்சியம் செய்தால் அடுத்த மழைக்குக் கால் மிதியடி நனையும்.

உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். குறுக்கே ஒரு இரும்புக் குழாயோ பட்டையோ போகும், மோதலைத் தாங்குவதற்காக வைத்தது. ஒடுக்கு அதற்கு நேர் எதிரே இருந்தால் கை போகாது, பசை போட்டு வெளியிலிருந்துதான் இழுக்க வேண்டும். கை போகிறதென்றால் அதிர்ஷ்டம். பழைய சுத்தியின் மரக்காம்பில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் முனையால் தள்ளவே கூடாது. தகரம் 0.7 மில்லிமீட்டர்தான், வெளியே பரு மாதிரி ஒரு புள்ளி எழும்பி அதன் தலையில் பெயிண்ட் உடையும்.

ஒருவர் உள்ளேயிருந்து அழுத்த, இன்னொருவர் வெளியே நின்று டியூப் லைட் பிம்பத்தைப் பார்த்து "மேலே, இன்னும் இடப்பக்கம், போதும்" என்று சொல்ல வேண்டும். ஒடுக்கின் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, கோலத்துக்குச் சுழி போடுவது போல வட்டமாக நடுவுக்கு வாருங்கள். அடிக்காதீர்கள், அழுத்துங்கள். நாலு அழுத்து அழுத்தியதும் வெளியே வரப்பு இருக்கும் இடத்தில் உருண்டை முனையுள்ள ஒரு மரத் துண்டையோ நைலான் துண்டையோ வைத்துச் சின்ன சுத்தியால் தட்டுங்கள், முட்டை உடைக்கிற அளவு பலம்தான். மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் குழி சட்டென்று பாதியாகும். வரப்பு விட்டுக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

கை போகாத இடத்துக்குப் பசை உருக்கும் க்ளூ கன்னும், பிளாஸ்டிக் குமிழ்களும், இழுக்கும் கைப்பிடியும் சேர்ந்த செட் ஆன்லைனில் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, குமிழில் சூடான பசை வைத்து ஒட்டி, நன்றாக ஆற விட்டு இழுக்க வேண்டும். இங்கேதான் நம் வெயில் எதிரி. தகரம் சூடாக இருந்தால் பசை இறுகாது, இழுத்ததும் குமிழ் மட்டும் கழன்று வரும். பசை சரியில்லை என்று திட்டுவோம், தப்பு நேரத்தில் இருக்கும். ஒரே இழுப்பில் எடுக்க நினைக்காதீர்கள், பத்துப் பதினைந்து சின்ன இழுப்பு. மிச்சப் பசையைக் கத்தியால் சுரண்டாமல் ஓரத்தில் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டால் தானே விடும். மறு பெயிண்ட் அடித்த கதவில் இதைச் செய்யாதீர்கள், பெயிண்ட்டே உரிந்து வரலாம். கண்ணாடி தூக்கும் சக்ஷன் கப்பும் உண்டு. அகலமான ஆழமில்லாத ஒடுக்குக்கு மட்டும் அது சரி, உள்ளங்கை அளவுக்கு அது சரியாகக் கவ்வாது.

எப்போது நிறுத்துவது? விரலால் அழுத்தினால் டால்டா டப்பா மூடி மாதிரி டொக் டொக்கென்று உள்ளே வெளியே போய் வந்தால் உடனே நிறுத்துங்கள். தகரம் நீண்டுவிட்டது, இனி தட்டத் தட்ட இன்னும் நீளும். அதைச் சுருக்குவது கைதேர்ந்த டிங்கர் வேலை. அப்படி ஆகாவிட்டாலும், ஐந்தடி தள்ளி நின்றால் தெரியவில்லை, டியூப் லைட்டில் மட்டும் லேசான அலை தெரிகிறது என்ற நிலை வந்ததும் நான் கையை எடுத்துவிடுவேன். மீதி ஐந்து சதவீதத்துக்கு ஆசைப்பட்டுக் கெடுத்த கதவுகள் நிறைய.

கதவின் நீளவாக்கில் ஓடும் மடிப்புக் கோட்டில் விழுந்த ஒடுக்கு, கதவு ஓரம், சக்கரத்துக்கு மேலுள்ள விளிம்பு, கூரையைத் தாங்கும் தூண் இவற்றில் வீட்டில் கை வைக்க வேண்டாம். காந்தம் எங்குமே ஒட்டவில்லை என்றால் அது பெரும்பாலும் அலுமினியம், அதிலும் வேண்டாம்.

நகம் தடுக்கிறது, பெயிண்ட் வெடித்திருக்கிறது என்றால் கதை வேறு. வெடிப்பு அரிசி அளவுக்குள் இருந்தால், ஒடுக்கை மேலே சொன்னபடி எடுத்துவிட்டு, வெடிப்பில் பிரைமரும் அதன்மேல் டச்-அப் பெயிண்ட்டும் பல்குச்சி முனையால் மெல்லிய மூன்று நாலு பூச்சு வைத்தால் போதும், துரு ஏறாது. நிறக் குறியீடு கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ ஒரு லேபிளில் இருக்கும். பெரிய இடம் என்றால் நீங்களே ஸ்பிரே கேன் அடிக்க நினைக்காதீர்கள், முக்கியமாக உங்கள் கார் சில்வர் என்பதால். அதிலுள்ள உலோகத் துகள்கள் ஸ்பிரே விழுகிற கோணத்துக்கும் ஈரத்துக்கும் தக்கபடி படுக்கும். ஒரே டப்பா பெயிண்ட்டாக இருந்தாலும் பக்கத்துக் கதவோடு சேராது, வெயிலில் திட்டாகத் தெரியும்.

பட்டியும் நீங்களே வைக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். ஹார்டனர் எடைக்கு 2 சதவீதம்தான், அதிகம் போட்டால் அதன் நிறம் பெயிண்ட்டைத் தாண்டி வெளியே கசியும். எலுமிச்சை அளவு மட்டும் கலக்குங்கள், இங்கத்திய வெயிலில் கையிலேயே கல்லாகிவிடும். தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள். பட்டி தண்ணீரை உறிஞ்சும். இரண்டு மழைக்காலம் போனால் அடியில் துரு பூத்து மேலே கொப்புளம் வரும்.

இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்யலாமே என்றும் தோன்றும். 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு முதல் 1000 ரூபாய் எப்படியும் உங்கள் கையிலிருந்து, அதற்கு மேல் என்றால் 2000. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' கவர் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாகங்களில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். எல்லாவற்றையும்விட, கிளெய்ம் செய்யாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், போய்விடும். அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருஷா வருஷம் ஏறி வந்தது. சொந்த சேதத்துக்கான பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8000 என்றும் நீங்கள் 50 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், அடுத்த வருஷமே 4000 கூடுதலாகக் கட்டி, மறுபடி 20-இலிருந்து ஏற வேண்டும். போனஸைக் காப்பாற்றும் தனி கவர் எடுத்திருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

வீட்டில் முயன்று பாதியில் நின்றுவிட்டால் கவலைப்படாதீர்கள். பெயிண்ட் உடையாதவரை எதுவும் கெட்டுவிடவில்லை. பெயிண்ட்டைத் தொடாமல் ஒடுக்கு எடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். ஏதாவது வேலையாகப் போகும்போது காட்டலாம். உள்ளூர்ப் பட்டறைக்கே கொடுப்பதானால், தகரத்தைத் தட்டி முடித்ததும் பட்டி வைப்பதற்கு முன்னால் கூப்பிடச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். உள்ளங்கையை வைத்துத் தடவினால் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும், பட்டி எங்கேயும் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பட்டி வைத்த பிறகு அதை உங்களால் பார்க்க முடியாது, அந்த ஃப்ரிட்ஜ் காந்தம்தான் சொல்லும்.